துக்க வீட்டில் ஒரு நட்சத்திரம்

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை என்பது தமிழ் வழக்கம். கொரோனா ஆண்டின் கிறிஸ்துமஸில் தாராவியின் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அந்த வழக்கத்தையும் தங்கள் நம்பிக்கையையும் ஒருசேரச் சுமக்க வேண்டியிருந்தது.

2020 டிசம்பர் 25. மும்பை மாநகராட்சி வழக்கம்போல அன்றைய கொரோனா கணக்கை வெளியிட்டது. தாராவிக்கு நேரே இருந்த எண் பூஜ்யம். ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் தொற்று கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து புதிய நோயாளி ஒருவர்கூட இல்லாத முதல் நாள் அதுதான். அதுவரை தொற்று கண்டவர்கள் மொத்தம் 3,788 பேர். அன்றைக்குச் சிகிச்சையில் மிஞ்சியிருந்தவர்கள் 12 பேர்.

இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் லட்சக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து வாழும் இடம் தாராவி. பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை என்றால் அதுவே அதிர்ஷ்டம். இங்கே நோய் நுழைந்தால் பிணக்காடாகும் என்றுதான் ஏப்ரலில் எல்லோரும் பயந்தார்கள். அப்படி ஆகவில்லை. ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். டிசம்பரில் அந்தப் பூஜ்யம் விழுந்த தேதி கிறிஸ்துமஸாக அமைந்தது தற்செயல்தான். ஆனால், ஆராதனை முடிந்து முகக்கவசத்தோடு வீடு திரும்பியவர்கள் எல்லோரும் அதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம்.

அன்றைக்கு நட்சத்திரம் தொங்காத வாசல்களை மாநகராட்சி எண்ணவில்லை. எண்ணுவது அதன் வேலையும் அல்ல.

தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். தோல் பதனிடும் தொழிலுக்காகவும், பஞ்சத்துக்குத் தப்பியும், சாதிக் கொடுமைக்குத் தப்பியும் தலைமுறை தலைமுறையாக ரயிலேறியவர்கள். வரும்போது பிள்ளையாரையும் மாரியம்மனையும் கொண்டுவந்ததைப் போலவே வேதப் புத்தகத்தையும் பாமாலையையும் கொண்டுவந்தார்கள். தேவாலயத்தைக் 'கோயில்' என்றும் போதகரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைக்கும் நெல்லைப் புராட்டஸ்டண்டு மரபு, மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் சந்துகளில் இன்னும் காதில் விழுகிறது. (பெயர்தான் மாட்டுங்கா, இடம் தாராவி. மாட்டுங்காவில் முகவரி சொன்னால் மதிப்பு என்பதால் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க யாரும் அவசரப்படுவதில்லை.)

டிசம்பர் பிறந்துவிட்டால் அந்தச் சந்துகளின் முகமே மாறிவிடும். தலைக்கு மேலே மின்சாரக் கம்பிகளுக்கும் கேபிள் டி.வி. கம்பிகளுக்கும் நடுவே காகித நட்சத்திரங்கள். இரவில் 'கேரல் ரவுண்ட்ஸ்'. பத்துக்குப் பத்து வீட்டுக்குள் பாடகர் குழு எப்படி நுழையும்? பாடுகிறவர்கள் சந்திலேயே நின்றுகொள்வார்கள். ஐயரும், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையனும், பின்னாலேயே ஓடிவரும் நாலு வாண்டுகளும் மட்டும் உள்ளே போவார்கள். ஜெபம், ஒரு மிட்டாய், காணிக்கை உறை. அடுத்த வீடு. அச்சுமுறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு மூடிய தட்டுகளில் மதம் பாராமல் வீடு வீடாகப் போகும். தீபாவளிக்கு வந்த தட்டு, ரம்ஜானுக்கு வந்த தட்டு, எல்லாவற்றுக்கும் அப்போது பதில் மரியாதை.

இந்த ஊர்வலம் ஒதுங்கிப் போகும் வீடுகள் ஒவ்வொரு வருஷமும் சில உண்டு. அந்த ஆண்டில் சாவு நடந்த வீடுகள். அங்கே நட்சத்திரம் கட்டமாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. பிள்ளைகளுக்குப் புதுத்துணி கிடையாது. வேதத்தில் இப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. இது தமிழ் மண்ணின் சட்டம். மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ் பிராமணக் குடும்பங்களில், தகப்பனார் காலமான வருஷம் தீபாவளிப் பட்டாசு வெடிக்காததற்கும், லேபர் கேம்ப் கிறிஸ்தவ வீட்டில் நட்சத்திரம் தொங்காததற்கும் வேர் ஒன்றுதான். சில குடும்பங்களில் தாய்வீட்டார் துணியும் பலகாரமும் கொண்டுவந்து கொடுத்து, 'போதும், இனி நல்லது கெட்டதைப் பாருங்கள்' என்று விலக்கை முடித்துவைப்பதும் உண்டு.

போதகர்களுக்கும் இந்த வழக்கத்துக்கும் நெடுநாளாக ஒத்துப்போவதில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போல நீங்கள் துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதைக் காட்டி, துக்கம் காப்பது அஞ்ஞான வழக்கம் என்று பிரசங்கம் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. துக்கிக்கவே கூடாது என்று பவுல் எழுதவில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கிப்பதைப் போல வேண்டாம் என்றார். லாசருவை எழுப்பப் போகிறவர், அவன் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கண்ணீரை அஞ்ஞானம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அடக்கம் செய்ய முடியாத ஆண்டு

2020இல் இந்தப் பழைய வழக்கு புது உருவம் எடுத்தது. அந்த ஆண்டு சாவு நடந்த பல வீடுகளில் சாவே நடக்கவில்லை. அதாவது, வீட்டில் நடக்கவேண்டிய எதுவும் நடக்கவில்லை. நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றியதுதான் கடைசிப் பார்வை. உடலைக் குளிப்பாட்டி உடுத்தி, நடுவீட்டில் கிடத்தி, ராமுழுக்கப் பாட்டுப் பாடி, மறுநாள் பெட்டியைச் சந்து வழியே தோளில் சுமந்து போவது தாராவித் தமிழ்க் கிறிஸ்தவர்களின் முறை. பெட்டி திரும்ப இடமில்லாத முடுக்குகளில் அதைச் செங்குத்தாகச் சாய்த்தாவது கொண்டுபோய்விடுவார்கள். அந்த ஆண்டு மருத்துவமனையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் நேராகக் கல்லறைக்கோ சுடுகாட்டுக்கோ போனது உடல். உறவினர்களில் பாதிப்பேர் தனிமை முகாமில் இருந்தார்கள். ஊரிலிருந்து வருவதற்கு ரயிலும் ஓடவில்லை.

புதைக்க முடியுமா என்பதே சில மணி நேரம் கேள்வியாக இருந்தது. கொரோனாவில் இறந்தவர்கள் எந்த மதத்தவரானாலும் எரிக்கவே வேண்டும் என்று மார்ச் 30ஆம் தேதி மும்பை மாநகராட்சி ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பவே அன்றே அது திருத்தப்பட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. பாந்திராவில் கல்லறைகளில் அடக்கம் செய்யக் கூடாது என்று அக்கம்பக்கத்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். மே 22ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளியது. இறந்தவர் உடலிலிருந்து நோய் பரவும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்றது. கண்ணியமான அடக்கம், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்றும் சொன்னது.

சென்னையில் நடந்தது இதைவிடக் கொடுமை. நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் ஏப்ரல் 19ஆம் தேதி கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் எதிர்ப்பு கிளம்பவே வேலங்காட்டுக்கு உடலை எடுத்துப்போனவர்களை ஒரு கும்பல் கல்லால் அடித்து விரட்டியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு ரத்தக் காயம். கடைசியில் நள்ளிரவில் அங்கேயே, உடன் வந்த மருத்துவ நண்பரே மண்வெட்டி பிடித்து மூட வேண்டியதாயிற்று. கீழ்ப்பாக்கத்தில் முறைப்படி மறு அடக்கம் செய்ய அனுமதியுங்கள் என்று அவர் மனைவி முதல்வரிடம் கேட்டார்; பிறகு நீதிமன்றத்துக்கும் போனார். அந்தச் செய்தி தாராவிச் சந்துகளின் வாட்ஸ்ஆப்பில் வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. டாக்டருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு?

மும்பையில் சாதாரண காலத்திலேயே கல்லறை நிரந்தரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் இல்லாத ஊர். சில ஆண்டுகள் கழித்து அதே குழியில் இன்னொருவர். முன்னவரின் எலும்புகளை எடுத்துச் சுவரில் உள்ள மாடத்தில் வைப்பார்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்குப் பொதுக்குழி. எனவே மும்பைக் கிறிஸ்தவனுக்குத் துக்கத்தை வைக்கக் கல்லறையைவிட வீடுதான் நம்பகமான இடம். சுவரில் மாட்டிய படம், அதன் கீழே ஒரு சின்ன மின்விளக்கு, நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஒரு மாலை.

அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று கோயில்கள் பூட்டிக் கிடந்தன. மகாராஷ்டிரத்தில் வழிபாட்டுத் தலங்கள் திறந்தது நவம்பர் 16இல்தான். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 22 முதல், இரவு பதினோரு மணிக்கு ஊரடங்கு. நள்ளிரவு ஆராதனை சாயங்காலத்துக்கு நகர்ந்தது. உள்ளே ஐம்பது பேருக்கு மேல் கூடாது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வர வேண்டாம் என்று அரசாங்கம் அறிவுறுத்தியது. துக்க வீட்டாருக்கு இது ஒரு விதத்தில் சௌகரியமாகவும் போயிற்று. யாருமே கொண்டாடாத வருஷத்தில் கொண்டாடாதவர்கள் தனியாகத் தெரியவில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் லேபர் கேம்ப்பில் இருக்கிறது. குடும்பத் தலைவர் தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தவர். மே மாதம் போய்விட்டார். மனைவி அப்போது தனிமை முகாமில். கல்லறைக்குப் போன மூத்த மகன் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. டிசம்பரில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மாமியார் போன் செய்தார்: இந்த வருஷம் ஸ்டார் கட்டாதே. இரண்டு நாள் கழித்து ஐயர் போன் செய்தார்: கட்டம்மா, இயேசு பாலன் உங்கள் வீட்டுக்கும்தான் பிறக்கிறார். இரண்டு பேருக்குமே சரி என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எதுவும் செய்யாமல் இருந்தார்.

தாராவி வீடுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. மேலறைக்கு வெளிப்புறமாக ஒரு இரும்பு ஏணி. மேலே பெரும்பாலும் வேறு குடும்பம் வாடகைக்கு இருக்கும். இந்த வீட்டின் மேலே இருந்தவர் ஒரு மராத்திப் பெண்மணி. விடியும் முன்பே துப்புரவு வேலைக்குக் கிளம்புகிறவர். டிசம்பர் நடுவில் ஒருநாள் அவர் கீழே வந்து, 'வஹினி, உங்கள் விளக்கு இந்த வருஷம் இல்லையா?' என்று விசாரித்திருக்கிறார். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தில்தான் அவர் ஏணியில் இறங்குவாராம். அந்த மாதம் மட்டும்தான் படி தெரியுமாம். துக்கத்தைப் பற்றியோ பண்டிகையைப் பற்றியோ அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் போன வருஷத்து நட்சத்திரத்தை எடுத்து, கிழிந்துபோன ஒரு முனையைச் செல்லோடேப் போட்டு ஒட்டி, ஏணிக்கு நேரே கட்டினார்கள். பலகாரம் சுடவில்லை. புதுத்துணி எடுக்கவில்லை. மாமியாரிடம் படிக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது என்று சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை மூன்று வீடுகளிலிருந்து தட்டு வந்தது. ஒன்று மேல் வீட்டிலிருந்து, ஒன்று எதிரே இருக்கும் முஸ்லிம் வீட்டிலிருந்து.

இதையெல்லாம் பெரிய தத்துவமாக்கத் தேவையில்லை. மேற்கத்திய சபைகளில் இப்போது துயருற்றவர்களுக்கென்றே கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு தனி ஆராதனை வைக்கிறார்கள். 'நீலக் கிறிஸ்துமஸ்' என்று பெயர். பெரும்பாலும் டிசம்பர் 21, வட பூகோளத்தின் மிக நீண்ட இரவன்று. கும்மாளத்தில் கலக்க முடியாதவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி அமைதியாக உட்கார்ந்துவிட்டுப் போகலாம். நல்ல ஏற்பாடுதான். செம்பூரின் அடுக்குமாடிகளுக்கு அது ஒருவேளை பொருந்தும். டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் உரத் தொழிற்சாலையிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழ்க் கிறிஸ்தவர்கள் அங்கே ஏராளம். பிள்ளைகள் அமெரிக்காவிலோ துபாயிலோ. கணவனையோ மனைவியையோ இழந்தவர் மூடிய கதவுக்குப் பின்னால் டிசம்பரைக் கழிக்கிறார். செம்பூர் சகாய மாதா கோயிலில் கோவாக்காரரும் மங்களூர்க்காரரும் தமிழரும் தோளோடு தோள் உரசி நின்று பூசை கண்டாலும், வீடு திரும்பி லிஃப்ட் கதவு மூடியதும் அவரவர் துக்கம் அவரவர் மாடியில். அவருக்குத் தனி ஆராதனை வேண்டியிருக்கலாம். தாராவியில் துக்கத்தைத் தனியாக வைத்துக்கொள்ள யாருக்கும் அறை இல்லை. ஏணிக்கு வெளிச்சம் கேட்டு யாராவது வந்துவிடுகிறார்கள்.

தொழுவத்தைச் சுற்றி ஒப்பாரி

கிறிஸ்துமஸ் என்றால் சந்தோஷம் மட்டுமே என்ற எண்ணம் கடைவீதி கொடுத்தது. திருச்சபையின் நாள்காட்டி அப்படிச் சொல்லவில்லை. டிசம்பர் 25க்கு மறுநாள் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28ஆம் தேதி ஏரோது வெட்டிச் சாய்த்த பெத்லகேம் பிள்ளைகளின் நாள். மாசில்லாக் குழந்தைகள் திருவிழா என்று கத்தோலிக்கர்கள் சொல்வார்கள். பிறந்த குழந்தையைக் கொண்டாடிய மூன்றாம் நாளே இறந்த குழந்தைகளுக்காகத் திருப்பலி. மத்தேயு சுவிசேஷத்தில் நட்சத்திரம் வருகிற அதே இரண்டாம் அதிகாரத்தில்தான் தேற்றரவு பெற மறுத்து அழுகிற தாயும் வருகிறாள். குடில் ஜோடிக்கிறவர்கள் மேய்ப்பர்களையும் மூன்று ராஜாக்களையும் வைப்பார்கள். அந்தத் தாய்க்குப் பொம்மை செய்தவர் யாரும் இல்லை. தமிழில் வீரமாமுனிவர் மறக்கவில்லை. தேம்பாவணியில் குழந்தைகள் கொலைக்கென்றே ஒரு படலம் ஒதுக்கியிருக்கிறார். ஒப்பாரிக்கும் கையறுநிலைக்கும் பழகிய மொழியில் காப்பியம் பாட வந்தவர் அதை எப்படி விட்டுவிட முடியும்?

பாட்டுகளுக்கும் இந்தக் கணக்கு உண்டு. 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழாகத் தொடங்கின. ஜெர்மன் மெட்டுக்கு இசையவேண்டி வளைந்து நெளிந்த அந்தத் தமிழ் இன்றைக்குப் பல்லில் கடிபடும். மொழிபெயர்ப்பில் பிழைக்கிற எனக்கு அதைப் பார்த்துச் சிரிக்கத் தைரியம் வந்ததில்லை. அப்படித் தமிழானவர்களில் முக்கியமானவர் பவுல் கெர்ஹார்ட் (1607-1676). லுத்தரன் சபையின் அருமையான கிறிஸ்துமஸ் பாட்டுகளில் சில அவருடையவை. பதினான்கு வயதுக்குள் தகப்பனையும் தாயையும் இழந்தவர். வாலிபம் முழுவதும் முப்பதாண்டுப் போர். 1637இல் சுவீடன் படை அவருடைய சொந்த ஊரைக் கொளுத்தியது. போருக்குப் பின் கல்யாணம், பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு சின்ன வயதிலேயே போய்விட்டன, 1668இல் மனைவியும். பிறப்பைப் பாடிய கை சவப்பெட்டிகளையும் சுமந்த கை. தாராவி ஆராதனையில் பாமாலையைத் திறந்து பாடும் விதவைக்கு இந்த வரலாறு தெரியாது. தெரிந்தால் நம்மவர் என்பார்.

டிசம்பரையே பயத்தோடு பார்க்க நேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து தங்கியிருந்த யாத்ரிகர்கள் கடற்கரையில் நின்றிருந்தபோது சுனாமி வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் அள்ளிச் செல்லப்பட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கத்தோலிக்க மீனவ ஊர்களில் முதல் நாள் கட்டிய நட்சத்திரங்களுக்குக் கீழேயே பிணங்களை வரிசைப்படுத்தினார்கள். மொத்தம் மொத்தமாகப் புதைத்தார்கள். வேளாங்கண்ணிக் கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அந்த நாட்களில் புதுமை என்று எழுதாத பத்திரிகை இல்லை. கோயிலுக்கு எதிரே மணலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் அந்தப் 'புதுமை' எப்படி விழுந்திருக்கும் என்று எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்களில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நினைவுத் திருப்பலி. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குடிலிலிருந்து கல்லறைக்கு.

2017இல் ஒக்கி வந்தது நவம்பர் கடைசியில். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதிகளின் ஆழ்கடல் மீனவர்கள் அப்போது நடுக்கடலில். புயல் மேற்கே திரும்பி வடக்கே ஏறியதில் நூற்றுக்கணக்கானவர்கள் மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கினார்கள். சிந்துதுர்க்கில் மட்டும் 68 படகுகள், 952 பேர். பெரும்பாலும் கேரளப் படகுகள். டிசம்பர் 5ஆம் தேதி மும்பையில் அந்தப் புயலின் வால் அடித்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். திரும்பாதவர்களின் வீடுகளில் அந்த டிசம்பரில் இன்னொரு விதமான வேதனை. கணவன் இறந்துவிட்டானா, எங்காவது கரையேறியிருக்கிறானா என்று தெரியாதவள் துக்கம் காப்பதா, காத்திருப்பதா? நட்சத்திரத்தைக் கட்டாவிட்டால் அவன் இறந்ததை அவளே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கட்டினால் ஊர் என்ன சொல்லும்? திருவருகைக் காலம் என்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்குப் பெயர். காத்திருப்பின் காலம். கடற்கரையில் அந்த வார்த்தைக்கு அந்த வருஷம் இருந்த கனம் வேறெங்கும் இருந்திருக்காது.

மும்பைக்கே இன்னொரு டிசம்பர் நினைவிருக்கிறது. 1992 டிசம்பர் 6க்குப் பின் வெடித்த கலவரம் முதலில் தொட்ட இடங்களில் தாராவியும் ஒன்று. முதல் சுற்று ஓய்ந்து, ஜனவரியில் இரண்டாம் சுற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட அமைதியில் வந்தது அந்தக் கிறிஸ்துமஸ். ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குப்படி இரண்டு சுற்றிலுமாக இறந்தவர்கள் 900 பேர்.

மாட்டுங்கா டான் பாஸ்கோ மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரத்தடியில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால், மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் அல்ல என்பது தெரியும். நெற்றியில் விபூதி, தலையில் முக்காடு, கல்லூரிப் பை. மாஹிம் புனித மிக்கேல் கோயிலில் புதன்கிழமை தோறும் நடக்கும் நவநாளிலும் அதே கதை. 1948 முதல் நடக்கிறது. எல்லோரும் வரம் கேட்டு வருகிறார்கள் என்றுதான் பொதுவாக நினைப்பு. மெழுகில் செய்த கை, கால், வீடு, குழந்தை என்று வாங்கி வைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஒன்றும் கேட்காமல், எதையும் வைக்காமல், பெஞ்சில் கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்களையும் பார்க்கலாம். டிசம்பரில் இவர்கள் எண்ணிக்கை கூடுகிறது என்பது என் அனுமானம். புள்ளிவிவரம் கேட்காதீர்கள்.

தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25இல் முடிவதில்லை. 31ஆம் தேதி இரவு ஆராதனையில்தான் முடியும். வருஷக் கடைசியில் போதகர் அந்த ஆண்டில் காலமான சபையாரின் பெயர்களை வாசிப்பதுண்டு. எல்லாம் முடிந்ததும் வாக்குத்தத்தச் சீட்டு. வேத வசனம் அச்சிட்ட சின்ன அட்டைகளைத் தட்டில் வைத்திருப்பார்கள். புது வருஷத்துக்கு ஆளுக்கு ஒன்று. எடுத்து வந்து வேதப் புத்தகத்தில் செருகிக்கொள்வார்கள். வராதவர்களுக்கும் சேர்த்து வீட்டுத் தலைக்கட்டுக் கணக்கில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

2020 டிசம்பர் 31 அன்று ஊரடங்கை முன்னிட்டு ஆராதனையை முன்னதாகவே முடித்தார்கள். தட்டில் எல்லோரும் கை வைக்கக் கூடாது என்று ஐயரே கையுறை போட்டுக்கொண்டு வாசலில் நின்று சீட்டுகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் சொன்ன அந்த அம்மாள், இரண்டு பிள்ளைகளோடு வரிசையில் வந்தவர், 'நாலு குடுங்க ஐயரே' என்று கேட்டுவிட்டார். எத்தனையோ வருஷப் பழக்கம். பக்கத்தில் நின்ற மகன் அம்மாவைப் பார்த்தான். அவர் கேட்டதைத் திருத்தவில்லை.

ஐயர் எண்ணி நாலு கொடுத்தார்.